14 அடி அலுமினியப் படகு: மோட்டார் மாறியபின் டிரெய்லரில் எடையைச் சரிசெய்த விதம்

ஆஸ்திரேலியாவில் ‘டின்னி’ என்று கூப்பிடுகிற 4.2 மீட்டர் அலுமினியப் படகு. அதில் இருந்தது 30 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் தொங்கும் மோட்டார். எடை 53 கிலோ. கயிறு இழுத்துக் கிளப்புவது, பேட்டரியே கிடையாது. 2019 ஜூலை 1 முதல் அந்தப் பழைய கார்புரேட்டர் வகை டூ-ஸ்ட்ரோக் மோட்டாரை அங்கே புதிதாக விற்க முடியாது. ஆகவே பழையது போனதும் அதன் இடத்தில் வந்தது அதே 30 குதிரைத்திறனில் ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக்: 78 கிலோ, செல்ஃப் ஸ்டார்ட், கூடவே 16 கிலோ பேட்டரி. மொத்தம் 41 கிலோ கூடியது, அத்தனையும் படகின் கடைக்கோடியில்.

வாங்குவதற்கு முன்பே படகில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளர் தகட்டைப் பார்த்தாயிற்று. மோட்டாரின் குதிரைத்திறனும் எடையும் வரம்புக்குள்தான். தண்ணீரில் சிக்கல் இல்லை. டிரெய்லரின் மூக்கு மட்டும் இப்போது ஒற்றைக் கையில் எழும்பி வந்தது. தூக்க எளிதாகிவிட்டதே என்று இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. மூக்கு இலேசான டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டும்.

சொற்களை முதலில் தீர்த்துக்கொள்வோம். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், அடியில் நடுவே நீளவாக்கில் ஓடுவது ஏரா. மூன்றும் நம் கரையோரச் சொற்கள். மோட்டார் மாட்டும் பின் தடுப்பைப் பின்பலகை என்கிறோம். டிரெய்லரின் முன்கோடியில் உள்ள கொக்கி கப்ளிங்; அது மாட்டுவது வண்டியின் பின்னாலுள்ள இழுவைப் பந்தில். கப்ளிங் அந்தப் பந்தின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறதோ அது மூக்கு எடை. படகை இழுத்துக் கட்டும் வின்ச் நிற்கிற, டிரெய்லரின் முன்தூண் வின்ச் தூண்.

வேலையின் வரிசை: முதலில் பின்பலகை, அடுத்து ஆக்சில், கடைசியில் வின்ச் தூண். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வின்ச் தூணை இரண்டு யூ-போல்ட்டைத் தளர்த்தினால் நகர்த்திவிடலாம் என்பதால், அதை முன்னே தள்ளிப் படகையும் இழுத்துக்கொள்வது வழக்கம். மூக்கு எடை கூடிவிடும், அது உண்மை. ஆனால் பின்பலகை கடைசி ரோலரை விட்டு முன்னே வந்துவிடும். 78 கிலோ மோட்டார் தொங்கும் இடத்துக்குக் கீழே ஒன்றுமே இருக்காது. அலுமினியப் படகாக இருந்தால் பின்பலகையின் மூலை வெல்டில் விரிசல் விழும். ஃபைபர் படகாக இருந்தால் நாளடைவில் அடிப்பாகம் வளைந்து, தண்ணீரில் ஓடும்போது அணியத்தைக் கீழே அழுத்தும். படகு எங்கே உட்கார வேண்டும் என்பதைப் பின்பலகைதான் தீர்மானிக்கும். எடையைச் சமன்செய்வது ஆக்சிலின் வேலை. வின்ச் தூண் இவை இரண்டும் முடிந்தபிறகு வந்து அணியத்தைத் தாங்கினால் போதும்.

அளவெடுப்பு

மூக்கு எடைக்குக் குளியலறை எடைக்கருவியே போதும். தரை மட்டமாக இருக்கவேண்டும். கப்ளிங், வண்டியில் மாட்டியிருக்கும்போது எந்த உயரத்தில் நிற்குமோ அதே உயரத்தில் நிற்கவேண்டும். எடைக்கருவியின் மேல் பலகைத் துண்டு, அதன் மேல் சரியான நீளத்துக்கு வெட்டிய கட்டை, கட்டையின் மேல் கப்ளிங். ஜாக்கி வீலை (வண்டியிலிருந்து கழற்றியபின் டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரம்) எடைக்கருவியில் நிறுத்தி அளப்பது தப்பு: அது கப்ளிங்குக்குப் பின்னால், ஆக்சிலுக்கு நெருக்கமாக இருப்பதால் எடை கூடுதலாகக் காட்டும். அளக்கும்போது சக்கரங்களுக்கு இருபக்கமும் அடைக்கல் வைக்கவேண்டும்.

உயரத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்த வேண்டும்? எடையின் மையம் ஆக்சிலைவிட அரை மீட்டர் மேலே இருக்கிறது. டிரெய்லரின் மூக்கு 3 பாகை மேலே தூக்கி நின்றால் அந்த மையம் 26 மி.மீ. பின்னால் போகும், மூக்கில் 3 கிலோ குறையும். ஓடும்போதும் அதே கதைதான். மூக்கு தூக்கி நிற்கிற டிரெய்லருக்குப் பந்தின் உயரத்தைத்தான் முதலில் சரிசெய்யவேண்டும்.

மொத்த எடைக்கு எடைமேடை. ஆனால் லாரிகளுக்கான எடைமேடைகள் பெரும்பாலும் 10 அல்லது 20 கிலோப் படிகளில்தான் காட்டும். மொத்தத்துக்கு அது சரி. 24 கிலோவா 34 கிலோவா என்று பார்க்க உதவாது. எடைமேடையில் மூக்கு எடை அளந்ததாக யாராவது சொன்னால் அந்த எண்ணை நம்பவேண்டாம்.

படகு, சாமான், எரிபொருள் எல்லாம் பயணத்துக்குப் போகிற நிலையிலேயே இருக்கவேண்டும். வெறும் படகை அளந்து பயனில்லை. பந்தின் மையத்திலிருந்து பின்னோக்கி அளந்த தூரங்கள் இவை: ஆக்சில் 3.75 மீட்டர், பின்பலகை 5.0, அணியத்தின் நுனி 0.8. எடைகளும் அவற்றின் இடங்களும்: படகின் உடல் 135 கிலோ, 3.05 மீட்டரில். புது மோட்டார் 78 கிலோ, 5.17-இல். 25 லிட்டர் தொட்டி நிறையப் பெட்ரோலோடு 22 கிலோ, 4.6-இல். பேட்டரி 16 கிலோ, 4.7-இல். நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 12 கிலோ, 1.3-இல். மிதவைச் சட்டைகள், துடுப்பு, கருவிப்பெட்டி 20 கிலோ, 3.0-இல். டிரெய்லரின் சட்டமும் வின்ச்சும் 90 கிலோ, 2.7-இல். சக்கரம், ஆக்சில், ஸ்பிரிங் சேர்ந்து 60 கிலோ; அது ஆக்சிலிலேயே இருப்பதால் மூக்கு எடைக் கணக்கில் வராது.

கணக்கு எளிது. ஒவ்வொரு எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 1310 வருகிறது. அதை 3.75-ஆல் வகுத்தால் 349. ஆக்சில் தொகுப்பு நீங்கலான எடை 373 கிலோ. 373-இல் 349 போக மூக்கில் மிஞ்சுவது 24 கிலோ. எடைக்கருவியும் அதையே காட்டியது. மொத்த எடை 433 கிலோ என்பதால் இது ஐந்தரை சதவீதம். பழைய மோட்டாரோடு இதே கணக்கைப் போட்டால் 392 கிலோவில் 37, ஒன்பதரை சதவீதம். டிரெய்லரில் ஒரு போல்ட்டையும் தொடாமலே 13 கிலோ காணாமல் போயிருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் சொல்லும் கைவழக்கு, மொத்த எடையில் 10 சதவீதம் மூக்கில் என்பது. இலேசான படகு டிரெய்லருக்கு 8 முதல் 10-க்குள் இருந்தால் நிம்மதி. ஐந்துக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. இங்கே ஐந்தரையில் நிற்பது பார்வைக்குத் தப்பித்ததுபோல் இருக்கும். ஆனால் அமரத்தில் 40 லிட்டர் தண்ணீர் தேங்கியிருந்தால் அதே டிரெய்லர் மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிடும். இலக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டோம், அதாவது மூக்கில் இன்னும் 16 கிலோ கூடவேண்டும். வண்டியின் கையேடும் இழுவைக் கம்பியின் தகடும் பந்தின் மேல் எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும். இரண்டில் குறைந்ததே வரம்பு. சின்னக் கார்களில் இது இடிக்கலாம்.

16 கிலோவுக்கு நாலு வழி

முதல் வழி, அணியத்தில் மணல் மூட்டை. 1.2 மீட்டர் இடத்தில் 24 கிலோ வைத்தால் மூக்கில் 16 கூடும். எடைக்கருவி திருப்தியடையும், சாலை அடையாது. டிரெய்லர் வாலாட்டுவதை மூக்கு எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. கனம் இரண்டு கோடிகளிலும் குவிந்திருந்தால் ஆட்டம் ஒருமுறை தொடங்கியபின் அடங்காது. இருபுறமும் குண்டு கட்டிய கோலைச் சுழற்றிவிட்டு நிறுத்திப் பார்த்தால் தெரியும். பின்னால் 78 கிலோ, முன்னால் 24 கிலோ என்பது அந்தக் கோலேதான்.

இரண்டாவது, படகை முன்னே இழுப்பது. படகும் சாமானும் 283 கிலோ, 21 செ.மீ. முன்னே வந்தால் 16 கிலோ கிடைக்கும். பின்பலகைக் கதை மேலே சொன்னதுதான். அதோடு அணியம் பந்துக்கு 59 செ.மீ. வரை நெருங்கிவிடும்; ஹாட்ச்பேக் கதவு திறக்காது.

மூன்றாவது, சாமானை நடுவுக்குக் கொண்டுவருவது. 16 கிலோ பேட்டரி 4.7-இலிருந்து நடு இருக்கைக்கு அடியில் 3.0-க்கு வந்தால் மூக்கில் 7 கிலோ கூடும். எதையும் ஏற்றவில்லை; கோடியிலிருந்த கனம் நடுவுக்கு வந்துவிட்டது. ஓடும்போது அமரம் அழுந்துவதும் குறையும். நாலு வழிகளில் இதுவே உத்தமம். பெட்ரோல் தொட்டியையும் இப்படி நகர்த்தினால் இன்னொரு 9 கிலோ வரும். ஆனால் அது கையில் தூக்கும் தொட்டி. அவசரத்தில் யாராவது பழைய இடத்தில் வைத்துவிடுவார்கள். ஆகவே தொட்டி நிறைந்து அமரத்தில் இருக்கிறது என்ற மோசமான நிலைக்கே கணக்கைப் போட்டோம்.

நாலாவது, ஆக்சிலைப் பின்னால் தள்ளுவது. பேட்டரி நகர்ந்தபின் பெருக்குத் தொகை 1283. அதை 3.85-ஆல் வகுத்தால் 333, மூக்கில் 40. அதாவது ஆக்சில் 10 செ.மீ. பின்னே போனால் போதும். பேட்டரியைத் தொடாமல் விட்டிருந்தால் 18 செ.மீ. தள்ளவேண்டியிருக்கும். குறுக்குவழிக் கணக்கு ஒன்று: ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எடையை நகர்த்தும் தூரத்தால் பெருக்கி, பந்திலிருந்து ஆக்சிலின் புதிய தூரத்தால் வகுத்தால் மூக்கில் கூடும் கிலோ வரும்.

மூன்றாவதையும் நாலாவதையும் சேர்த்துச் செய்தோம்.

பின்பலகையும் ரோலரும்

படகைக் கடைசி ரோலரின் மேல் பின்பலகை நேராக நிற்கும்படி நிறுத்தவேண்டும். ரோலரின் மையம் பின்பலகையிலிருந்து 2 முதல் 3 செ.மீ. உள்ளே இருக்கலாம், வெளியே கூடாது. பக்கவாட்டில் படகு நடுவில் நிற்கிறதா என்று பார்க்க, கப்ளிங்கின் மையத்திலிருந்து பின் சட்டத்தின் மையம் வரை நூல் கட்டி, ஏராவிலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கவேண்டும்.

தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த இந்த வகை டின்னிக்கு எடை முழுவதும் ஏராவின் வழியே நடு ரோலர்களில் இறங்கவேண்டும். பக்கத்துப் பிளாஸ்டிக் சறுக்கிகள் படகு சாயாமல் பிடிக்க மட்டுமே. சறுக்கியைத் திருகி ஏற்றி, படகின் அடியைத் தொட்டதும் நிறுத்திவிடவேண்டும். இன்னும் இரண்டு திருகு என்று ஆசைப்பட்டால் ரோலரிலிருந்து எடை சறுக்கிக்கு மாறி, மெல்லிய அடித்தகடு உள்ளே குழியும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு ரோலரையும் கையால் சுழற்றிப் பார்க்கலாம். சுழன்றால் அது எடை தாங்கவில்லை. இங்கே முன்னாலிருந்து மூன்றாவது ரோலர் சும்மா சுழன்றது. தாங்கியை 8 மி.மீ. உயர்த்தியபின் நின்றது.

சறுக்கிக்குப் பதிலாகக் கம்பளம் ஒட்டிய மரக்கட்டை இருந்தால் மரத்தைக் கவனிக்கவேண்டும். பச்சை நிறத்தில் வரும் மருந்தேற்றிய பைன் மரத்தில் செம்பு உப்பு இருக்கிறது. உப்புத்தண்ணீரில் நனைந்த அந்தக் கட்டை அலுமினியத்தை அரித்து ஊசித்துளை போடும்.

பேட்டரி

நடு இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குப் பட்டை. மோட்டாருக்குப் போய்வரும் கம்பியின் நீளம் இப்போது சுமார் 5 மீட்டர். மோட்டாரோடு வரும் மெல்லிய கம்பியை அப்படியே நீட்டினால் குளிர்காலக் காலையில் ஸ்டார்ட்டர் முனகும். 35 சதுர மி.மீ. ஈயம் பூசிய செப்புக் கம்பி போட்டால் 120 ஆம்பியர் இழுக்கும்போது இழப்பு 0.3 வோல்ட்தான். படகின் உடலை நெகட்டிவ் கம்பியாகப் பயன்படுத்தக் கூடாது. காரில் செய்கிற பழக்கத்தில் செய்துவிட்டால் அலுமினியம் மின்னரிப்பில் கரையும்.

ஆக்சில்

இந்த டிரெய்லரில் ஸ்பிரிங் தாங்கிகள் ஒரு தட்டில் வெல்டு செய்யப்பட்டு, அந்தத் தட்டு யூ-போல்ட்டால் நீளச் சட்டத்தில் பிடித்திருந்தது. அதனால் நகர்த்த முடிந்தது. தாங்கி நேரடியாகச் சட்டத்தில் வெல்டு ஆகியிருந்தால் இது வீட்டு வேலை இல்லை. துத்தநாகம் பூசிய இரும்பை வெல்டு செய்தால் வரும் புகையே ஆளைக் காய்ச்சலில் படுக்கவைக்கும். அப்படிப்பட்ட டிரெய்லரில் படகை நகர்த்தி, கூடவே பின் ரோலர் சட்டத்தையும் நகர்த்துவதே மேல். எதற்காகவும் நீளச் சட்டத்தின் மேல் முகத்திலோ கீழ் முகத்திலோ துளை போடக் கூடாது. வளைவின் முழு அழுத்தமும் அங்கேதான். விரிசலும் உள்துருவும் அந்தத் துளையில் தொடங்கும்.

படகை இறக்கிவிட்டுத்தான் தொடங்கவேண்டும். சட்டத்தின் அடியில் நாலு ஸ்டாண்டு, பழைய இடத்தில் பெயிண்ட் கோடு. துருப்பிடித்த நட்டுகளில் முதல்நாளே ஊடுருவும் எண்ணெய். பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் போடாமல், துத்தநாகம் பூசிய புதியவையும் புது நைலான் பூட்டு நட்டும் போடுவது நல்லது. எட்டு யூ-போல்ட்டுக்காகக் கஞ்சத்தனம் வேண்டாம். தொகுப்பைத் தட்டி 100 மி.மீ. பின்னே கொண்டுவந்து அரை இறுக்கம் மட்டும் கொடுக்கவேண்டும்.

பிறகுதான் முக்கிய அளவு: கப்ளிங்கின் மையத்திலிருந்து இடது சக்கர மையத்துக்கும் வலது சக்கர மையத்துக்கும் உள்ள தூரம். இரண்டுக்கும் வித்தியாசம் 3 மி.மீ.-க்குள் இருக்கவேண்டும். துணி நாடா இழுபடும், இரும்பு நாடாதான் வேண்டும். 10 மி.மீ. விட்டுவிட்டால் டிரெய்லர் நண்டுபோலச் சாய்வாக ஓடி, டயரை ஒரு பக்கமாகத் தேய்க்கும். சரியானதும் நட்டுகளை மாறி மாறிக் குறுக்கு வரிசையில் இறுக்கவேண்டும்.

மறந்துபோகிற மூன்று உண்டு. மட்கார்டும் சக்கரத்தோடு 100 மி.மீ. நகரவேண்டும், இல்லாவிட்டால் குழியில் விழும்போது டயர் அதன் விளிம்பைக் கடிக்கும். பின்விளக்குக் கம்பி தாங்கியின் ஓரத்தில் நசுங்கியிருக்கலாம். மூன்றாவது, ஏராவுக்கும் ஆக்சில் கம்பிக்கும் உள்ள இடைவெளி. படகு முழு எடையில் உட்கார்ந்திருக்கும்போது இங்கே 85 மி.மீ. இருந்தது, ஸ்பிரிங் முழுதும் அமுங்கினாலும் இடிக்காது. நகர்த்திய இடத்தில் ரோலர் தாங்கி ஒன்று ஆக்சிலுக்கு நேர் மேலே வந்தால் அந்தத் தாங்கியை மாற்றவேண்டும்.

ஆக்சில் பின்னே போனால் படகை இறக்கும்போது சக்கரம் கூடுதல் ஆழத்துக்குப் போகுமே என்று கேட்கலாம். எட்டுக்கு ஒன்று சரிவில் 10 செ.மீ. என்பது ஒன்றேகால் செ.மீ. ஆழம்தான். பொருட்படுத்த வேண்டியதில்லை.

வின்ச் தூண்

படகு அதன் இடத்தில் நிற்கும்போது தூணை அதற்கு ஏற்ப நகர்த்தவேண்டும். அணியத்தின் இரும்பு வளையம், தூணிலுள்ள ரப்பர் உருளைக்குக் கீழே வந்து நிற்கவேண்டும். மேலே நின்றால் திடீர் பிரேக்கில் படகு உருளையின் மேல் ஏறிக் காருக்குள் வரப் பார்க்கும். வின்ச்சின் பட்டை வளையத்துக்கு நேராகப் போகவேண்டும். கோணலாகப் போனால் ஒவ்வொரு குலுக்கலிலும் தளரும். வின்ச் பட்டையை மட்டும் நம்பாமல் அணியத்திலிருந்து தூணின் அடிக்கு ஒரு தனிச் சங்கிலி. பின்னால், பின்பலகையின் இரு வளையங்களிலிருந்து சட்டத்துக்குப் பட்டை. நேராகக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும்.

மோட்டாரைத் தூக்கி, அதனுடைய சாய்வுப் பூட்டில் மாட்டிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பூட்டு, படகு நின்றுகொண்டிருக்கும்போது மோட்டாரைத் தாங்குவதற்கு, சாலைக்கு அல்ல. ஒவ்வொரு குழியிலும் 78 கிலோ பின்பலகையை நெம்பும். பின் சட்டத்திலிருந்து மோட்டாரின் கியர் பகுதிக்கு ஒரு தாங்குகோல் கொடுத்தால் அந்த அடி டிரெய்லருக்குப் போய்விடும்.

இடது வலது

பேட்டரி நடுவுக்கு வந்தபோது பக்கவாட்டுச் சமநிலையும் சரியானது. முன்பு பேட்டரியும் தொட்டியும் இரண்டும் வலப்பக்கம். இதை அளக்கத் தனிக்கருவி வேண்டாம்: மட்டமான தரையில் இருபக்கமும் ஆக்சில் கம்பிக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் போதும். முன்பு 11 மி.மீ. வித்தியாசம், இப்போது 3. ஐந்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். சமமான எடையிலும் வித்தியாசம் காட்டினால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருக்கிறதா என்று பார்க்கவும்.

தண்ணீர்

இவ்வளவு கணக்கையும் ஒரு மழை கெடுக்கும். படகின் வாய் 4 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், 10 மி.மீ. மழையில் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. அது அமரத்தில் தேங்கினால் மூக்கில் 10 கிலோ போகும். மேட்டில் ஏறும்போது இன்னும் பின்னே ஓடும். நிறுத்தி வைக்கும்போது மூக்கைத் தூக்கி, பின்பலகைத் தக்கையைக் கழற்றிவிடவேண்டும். கழற்றிய தக்கையை வின்ச்சின் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டால், படகை இறக்கப் போகும்போது மறக்கவே முடியாது.

ஓட்டிப் பார்த்தது

இறுதி அளவு: மொத்தம் 433, மூக்கில் 40, சக்கரங்களில் 393. ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்குப் பிரேக் இல்லாமல் ஆஸ்திரேலிய விதி அனுமதிக்கும் 750 கிலோவுக்கு வெகு கீழே. கப்ளிங் 50 மி.மீ. பந்துக்கானது, கப்ளிங் கழன்றாலும் டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் அடிச்சங்கிலியின் வளையம் தரமுத்திரை உள்ளது.

முதலில் 60 கி.மீ. வேகத்தில் நேர்சாலையில் ஸ்டீயரிங்கை மெல்ல ஒருமுறை அசைத்துக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். டிரெய்லர் ஒரே அசைவில் அடங்கினால் 80-க்குப் போகலாம். இரண்டு மூன்று முறை ஆடி அடங்கினால் நிறுத்தித் திரும்ப அளக்கவேண்டும். ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவேண்டும், ஸ்டீயரிங்கால் துரத்தக் கூடாது. இந்த டிரெய்லர் 90-இல் எதிரே லாரி கடக்கும்போதும் ஒரே அசைவோடு நின்றது.

50 கி.மீ. ஓடியபின் யூ-போல்ட் நட்டுகள் கால் சுற்று வாங்கின, பின் வலது மட்டும் அரைச் சுற்று. சக்கர நட்டுகள் அசையவில்லை. சக்கர மையத்துக்கான தூரத்தைத் திரும்ப அளந்ததில் வித்தியாசம் 2 மி.மீ. இடது பின் சறுக்கியில் புதுத் தேய்மானம் பளபளத்தது. அதை ஒரு திருகு இறக்கியாயிற்று.